ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் விலங்கு

நான் காட்டு ஆபீஸில் வேலை பார்க்கிறேன் என்று அம்மா லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். காட்டுக்கு ஆபீஸ் கிடையாது, நான் ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு உதவியாளர், அதுவும் ஆறு மாத ஒப்பந்தம் என்று எத்தனையோ தடவை திருத்திப் பார்த்தேன். அம்மாவுக்கு அந்த விவரமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. குன்னூர்ப் பக்கத்து எஸ்டேட்டில் பத்து வீடுகள் ஒரே தகரக் கூரைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும் எங்கள் குடியிருப்பை, சிலோனிலிருந்து வந்த பழக்கத்தில் இன்றைக்கும் லயம் என்றுதான் சொல்கிறோம். அந்தப் பத்து வீட்டில் காலையில் கொழுந்துப் பையை மாட்டாமல் வேலைக்குப் போகும் ஒரே பெண் நான். அம்மாவுக்கு அது போதும்.

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பிளஸ் டூ முடித்த கையோடு இரண்டு வருடம் அம்மாவுடன் கொழுந்து பறிக்கப் போனேன். காலையில் பெரட்டு, அதாவது எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து ஆள் எண்ணி வேலை பிரித்துக் கொடுப்பது. அப்புறம் ஆளுக்கொரு நெரை, அதாவது பறிக்க ஒரு செடி வரிசை, சாயங்காலம் நிறுவை. நடுவில் மழை, அட்டைக்கடி, கங்காணியின் வாய். இரண்டாவது வருடக் கடைசியில் ஒரு நாள், நிறுவை வரிசையில் நனைந்துகொண்டு நின்றபோது, இனிமேல் சாகும்வரை ஒரு கொழுந்தையும் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்தேன். அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினேன். கடையில் நின்றேன், ஜெராக்ஸ் எடுத்தேன், கடைசியில் இந்த வேலை கிடைத்தது.

ஏப்ரலில் சேர்ந்தேன். செப்டம்பரோடு முடிகிறது. ஆராய்ச்சியில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஏதாவது அகப்பட்டால் இன்னும் இரண்டு வருடம் நீளும், இல்லாவிட்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். மற்றவர்களுக்கு வீடு என்றால் வீடு. எனக்கு வீடு என்றால் பெரட்டு. எஸ்டேட்டில் ஆள் தட்டுப்பாடு வேறு. கங்காணி என்னைப் பார்க்கும்போதெல்லாம் எப்போது வருகிறாய் என்று அன்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் நான்கு பேர். ஆராய்ச்சி செய்கிறவள் சென்னைக்காரி, என்னைவிட மூன்று வயது மூத்தவள். மேடம் என்று கூப்பிட்டேன், அவள் கெஞ்சிக் கேட்டதால் அக்கா என்று மாற்றினேன். குறிப்பு எழுத ஒருவன், கேத்தியில் கேரட்டும் கோசும் போடுகிற படுகர் வீட்டுப் பிள்ளை, என் வயதுதான். ஜீப் ஓட்டுகிறவர் ஊட்டிக்காரர், இருபத்தைந்து இருக்கும். அவருடைய தாத்தாவின் அப்பா கோயம்புத்தூரிலிருந்து ஏறி வந்து மார்க்கெட்டில் வெங்காயக் கடை போட்டவராம். அவரை நான் ஜீப் அண்ணன் என்பேன்.

முதல் நாள் ஊட்டியிலிருந்து ஒரு மணி நேரம் மேலே போய் ஒரு புல்வெளியில் இறங்கினோம். ஆளுக்கொரு பக்கம் போய்ப் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள், போனை அணைத்துவிடுங்கள், இயற்கை உங்களிடம் என்ன சொல்கிறது என்று வந்து சொல்லுங்கள் என்றாள் அக்கா. உட்கார்ந்தோம், அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். திரும்பி வந்ததும் ஜீப் அண்ணன், வியூ பிரமாதம், ஆனால் வண்டி திருப்ப இடமில்லை, பத்து வண்டி வந்தால் பாடு திண்டாட்டம் என்றார். கேத்திக்காரன், சரிவு நன்றாக இருக்கிறது, தண்ணீர் தங்காது, இரண்டு போகம் கேரட் எடுக்கலாம் என்றான். நான், களை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றேன். அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவளுக்கு என்ன தெரிந்தது என்று ஜீப் அண்ணன் கேட்டதற்கு, மௌனம் என்றாள். அவளுடைய காலுறையில் அதற்குள் நான்கு அட்டைகள் ஏறியிருந்தன, எங்கள் மூன்று பேருக்கும் அதுதான் தெரிந்தது.

அக்காவுக்குப் பிடித்த வாக்கியம் ஒன்று உண்டு. "மனுஷன் கை படாத இடம்." நாங்கள் வேலை செய்த இடத்தை அப்படித்தான் சொல்வாள். அந்த இடத்தில் வளர்ந்திருந்த, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து பரவிவிட்ட சீகை மரங்களை மனிதர்கள் வெட்டி, சோலை மரக்கன்றுகளை மனிதர்கள் நட்டு, ஒவ்வொரு கன்றுக்கும் எண் அடித்த தகடு ஒன்றை மனிதர்கள் கட்டியிருந்தார்கள். அறுபது கன்றுகள், வரிசைக்குப் பத்து. எல்லாம் தேயிலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டு மரத்தின் கன்றுகள். கொழுந்து விட்டிருக்கும்போது தூரத்தில் பார்த்தால் எங்கள் எஸ்டேட் செடிக்குச் சித்தி மகள் என்று சொல்லலாம். காடு தானாக எப்படித் திரும்பி வருகிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

வாரத்துக்கு ஒரு நாள் அங்கே போவோம். நான் முன்னால் போய்ச் சாய்ந்த தகட்டை நிமிர்த்தி, கன்றைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கிக்கொண்டே நகர்வேன். பின்னால் அக்கா குனிந்து உயரம் அளப்பாள். அவளுக்குப் பின்னால் கேத்திக்காரன் நின்று எழுதுவான். ஜீப் அண்ணன் வண்டியில் பாட்டுக் கேட்பார்.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் பன்னிரண்டாம் எண் கன்றின் முன் அக்கா அப்படியே நின்றுவிட்டாள். கையை உயர்த்தி எங்களை அசையாமல் நிற்கச் சொன்னாள். கன்றின் நுனிக்கொழுந்துகளை ஏதோ ஒன்று தின்றிருந்தது. தண்டில் இன்னும் ஈரம். "இப்பதான் வந்துட்டுப் போயிருக்கு," என்று குசுகுசுத்தாள். பதிமூன்றிலும் அப்படியே, பதினான்கிலும் அப்படியே. அது நமக்கு முன்னாலேயே வரிசையாகப் போய்க்கொண்டிருக்கிறது, இங்கேதான் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறது என்றாள். நான்கு பேரும் பதுங்கி உட்கார்ந்து அரை மணி நேரம் பக்கத்துச் சோலைக்காட்டையே பார்த்தோம். சிறுத்தையாக இருந்தால் என்ன செய்வது என்று அக்காவிடம் குசுகுசுவென்று கேட்டேன். சிறுத்தை இலை தின்னாது என்று அவளும் குசுகுசுவென்று சொன்னாள்.

அன்றிலிருந்து எங்கள் பிழைப்பே அந்த விலங்குதான். கன்றுகள் எப்படி வளர்கின்றன என்ற கேள்வி போய், அவற்றைத் தின்கிறது யார் என்ற கேள்வி வந்தது. சாதாரணமாகத் தின்கிற விலங்கு இல்லை அது. முற்றிய இலையைத் தொடாது. ஒவ்வொரு கிளையிலும் நுனிக் குருத்தும் அதற்குக் கீழே இரண்டு இலைகளும், அவ்வளவுதான். கடித்த அடையாளம் கிடையாது, பிய்த்த நார் கிடையாது, நறுக்கென்று ஒடிந்திருக்கும். சிலதைத் தின்னாமல் தரையில் போட்டுவிட்டுப் போயிருக்கும். இப்படி நறுவிசாகச் சாப்பிடுகிற ஒரு பிராணியைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றாள் அக்கா.

அவள் கருமந்தியைச் சந்தேகப்பட்டாள். மந்திக்குத்தான் விரல் உண்டு, பார்த்துப் பொறுக்கித் தின்னும், பாதியைக் கீழே போடும். கேத்திக்காரன் காட்டுப்பன்றி என்றான். அவனுக்கு எதுவானாலும் காட்டுப்பன்றிதான், மின்சாரம் போனால்கூட அதைத்தான் சொல்வான். அவன் வீட்டு கேரட் பாத்தியில் அது செய்திருக்கிற அட்டூழியம் அப்படி. ஜீப் அண்ணன் மட்டும் சற்றும் யோசிக்காமல் சொன்னார். "டூரிஸ்ட்டுதானுங்க. அவிகளுக்குச் சும்மா நிக்கத் தெரியாதுங்க, கை எதையாவது கிள்ளிட்டே இருக்கும்." இங்கே சுற்றுலாப் பயணி வர வழியே இல்லை என்று அக்கா அதை எழுதக்கூட இல்லை.

நான் அக்கா கட்சி. மந்தி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பற்றியே நினைத்துக்கொண்டு வருவேன். குடும்பத்தோடு வருமா, தனியாக வருமா, எங்களை எந்த மரத்திலிருந்து பார்க்கும் என்றெல்லாம். எஸ்டேட்டில் குரங்கைக் கண்டால் கல்லெடுக்கிறவள் நான். காட்டில் அதே குரங்கின் மேல் எனக்குப் பாசம் வந்துவிட்டது. சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்தால் எல்லாப் பிராணியும் அழகாகத்தான் இருக்கும்போல.

ஜூன் போய் ஜூலை வந்தது. அக்கா விலங்கின் நடத்தையை ஒரு தனி நோட்டில் எழுதினாள். ஏழெட்டு நாளுக்கு ஒரு தடவை வருகிறது. காலை ஒன்பதரைக்கு மேல்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. அதைக் கண்டுபிடிக்க மூன்று ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் போய் விடியற்காலை முதல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள், ஒரு இலைகூடக் குறையவில்லை. கவர்மென்ட் உத்தியோகத்தில் இருக்கிற விலங்கு என்றார் ஜீப் அண்ணன். ஜூலை நடுவில் நான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தேன். அந்த வாரம் விலங்கும் வரவில்லை. மழையில் அதற்கும் உடம்புக்கு முடியவில்லையோ என்னவோ என்று அவர் போனில் சொன்னார். பாவம் என்றேன் நான், மனசாரத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் நடந்தது. கன்றுகள் உயரமாகப் போகாமல் பக்கவாட்டில் கிளைத்தன. ஒன்று கிள்ளுப்பட்ட இடத்தில் இரண்டு துளிர்த்தது, இரண்டு நான்கானது. ஆகஸ்டுக்குள் அறுபது கன்றும் முழங்கால் உயரத்தில், மேல்பக்கம் பலகை வைத்து அழுத்தியது போல ஒரே மட்டமாக நின்றன. அக்கா அதைப் படம் பிடித்துத் தன் பேராசிரியருக்கு அனுப்பினாள். ஒரு விலங்கு ஒரு காட்டையே செதுக்குகிறது, இதை உலகத்தில் யாரும் எழுதியதில்லை என்று அவர் குதித்தாராம். விலங்கு எது என்று மட்டும் நிரூபித்துவிட்டால் இரண்டு வருடத்துக்குக் கவலையில்லை என்றாராம். அன்று இரவு சோறு எனக்கு ருசியாக இறங்கியது.

ஆகஸ்ட் பதினைந்துக்கு எங்களுக்கு லீவு. விலங்குக்கும் லீவு. அக்கா மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதன் தேசபக்தியை நோட்டில் குறித்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த நாள் அம்மா என் ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தாள். பின்பக்கம் தொப்பி தொங்கும் மழை ஜாக்கெட் அது, தலையில் கம்பளிக் குல்லா போடுவதால் அந்தத் தொப்பியை நான் மாட்டுவதே இல்லை. துணிக்கல்லின் பக்கத்தில் நின்று அம்மா தொப்பியைக் கவிழ்த்தாள். வாடிய கொழுந்து ஒரு கைப்பிடி விழுந்தது. குனிந்து ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, இது எந்தத் தோட்டத்துக் கொழுந்து?"

"காட்டுல காத்துக்கு விழுந்திருக்கும்மா."

"காத்து வந்து ரெண்டெலயும் குருத்துமா பாத்துப் பாத்துக் கிள்ளிப் போடுதாக்கும்," என்றாள் அம்மா. மறுபடியும் பார்த்தாள். பறிப்பு சுத்தமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஜாக்கெட்டை வாளியில் முக்கினாள்.

நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. கொழுந்து பறிக்கிற யாரும் கையைப் பார்த்துப் பறிப்பதில்லை. இரண்டு கையும் பறிக்கும், நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசும், முதுகில் பை இருக்கும். பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும். இரண்டு வருடம் அப்படிச் செய்த கை, மூன்று வருடம் சும்மா இருந்துவிட்டு, இடுப்புக்குக் கீழே வரிசையாகத் தேயிலையின் சித்தி மகளைக் கண்டதும் என்னைக் கேட்காமலே வேலைக்குப் போய்விட்டது. முதுகில் பை இல்லை, தொப்பியில் போட்டது. தொப்பிக்குத் தப்பியதைத் தரையில் போட்டது. இரண்டரை மாதமாக நாங்கள் பதுங்கிப் பதுங்கித் தேடிய விலங்கு நான். அதைத் தேடுவதற்கு நானே பதுங்கியிருக்கிறேன்.

சிரிப்பு வந்தது, அது முடிவதற்குள் பயம் வந்துவிட்டது. சொன்னால் வேலை போகும். விஞ்ஞானம் செய்ய வந்த இடத்தில் செடியைக் கிள்ளியவளை யார் வைத்துக்கொள்வார்கள்? பெரட்டில் என் பெயரைக் கூப்பிடும் கங்காணியின் குரல் காதில் கேட்டது. யாரிடமும் மூச்சு விடுவதில்லை, இனிமேல் கை வைப்பதுமில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த இரண்டு வாரம் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு போனேன். ஒரு கொழுந்தும் குறையவில்லை. அக்கா இடிந்து போனாள். நம் வாடையைக் கண்டுகொண்டு ஓடிவிட்டது என்றாள். ஜீப் அண்ணனின் சென்ட் தடைசெய்யப்பட்டது. நான் தலையில் வைக்கும் பூ தடைசெய்யப்பட்டது. கேத்திக்காரன் டிபன் பாக்ஸைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. பேச்சே கூடாது என்று நான்கு பேரும் கை ஜாடையில் அறுபது கன்றை அளந்தோம். ஆள் நடமாட்டமே இல்லாத மலையில் நாங்கள் நான்கு பேர் ஊமைகளாக, என்னிடமிருந்து ஒளிந்துகொண்டு, எனக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.

விலங்கு இல்லாவிட்டால் கதையே இல்லை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அதாவது பறித்தால் குற்றம், பறிக்காவிட்டால் வேலை இல்லை. மூன்றாவது வாரம் கையுறையைக் கழற்றினேன். தெரிந்தே, நினைத்தே பறிப்போம் என்று இருபதாம் எண் கன்றில் கை வைத்தேன். வரவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டு பறித்தால் விரலுக்கு எல்லாம் மறந்துவிடுகிறது. ஒன்று பாதியில் கிழிந்தது, ஒன்று நாரோடு உரிந்தது, ஒன்றில் ஐந்து இலை வந்துவிட்டது. பின்னால் வந்த அக்கா அந்தக் கன்றின் முன் முழங்காலிட்டாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"இது வேற. குட்டி. அம்மா கூட இல்ல, தனியா வந்து பழகுது."

அந்தக் குட்டியை நினைத்து அவள் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, உதைக்கலாம் போலவும் இருந்தது.

குட்டி வந்த சந்தோஷத்தில் கேமரா வந்தது. எதிரே ஏதாவது அசைந்தால் தானே படம் பிடிக்கும் கேமராக்கள், நான்கு. இனி நான் மாட்டிக்கொள்வது நிச்சயம் என்று நினைத்தேன். ஆனால் படங்களைப் பிரிக்கும் வேலையை அக்கா என்னிடமே கொடுத்தாள். ஊட்டியில் அவள் வாடகைக்கு இருந்த அறையில் லேப்டாப்பில் மூன்று ஃபோல்டர்கள். விலங்கு, மனிதர், ஒன்றுமில்லை. மனிதர் ஃபோல்டரை நான் திறக்கவே மாட்டேன், அதில் இருப்பது நாம்தானே, சனிக்கிழமை சனிக்கிழமை அழித்துவிடுங்கள் என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பயம் போனதும் கையும் தெளிந்தது. குட்டி வந்ததோடு பேச்சுத் தடையும் தளர்ந்திருந்தது. அந்த வாரம் அக்காவுடன் வேறு ஏதோ பேசிக்கொண்டே நடந்தேன், பழையபடி தாய் விலங்கு வந்துவிட்டது.

செப்டம்பர் நடுவில் ஒரு சாயங்காலம் அந்த வாரத்துப் படங்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பனிமூட்டம் ஐம்பது, ஆடும் புல் நூறு, அக்காவின் முதுகு, கேத்திக்காரனின் நோட்டு. அப்புறம் நான். என்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தலை இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, கண் எங்கேயோ மலைப்பக்கம் இருக்கிறது. ஒரு கை கன்றின் மேல். இன்னொரு கை தோளுக்கு மேலே, கொழுந்து அந்தரத்தில். அது நான் இல்லை, அம்மா. நெரையில் நிற்கிற அம்மா அச்சு அசலாக அப்படித்தான் இருப்பாள். எதை விட்டு ஓடி வந்தேனோ அது என் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் போய் நிற்கிறது. அழுதேன். யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதேன்.

அழுது முடித்து எல்லாவற்றையும் மனிதர் ஃபோல்டரில் போட்டுவிட்டு அடுத்த படத்துக்கு வந்தேன். மூன்றாம் கேமராவில் ஒரு வால். இருபத்திரண்டாம் எண் கன்றுக்குப் பின்னால் கருமந்தியின் வாலும் பாதி முதுகும். வெறுமனே அந்தப் பக்கமாகப் போயிருக்கிறது. டீ போட்டுக்கொண்டிருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் சரியாகிவிட்டது, திங்கட்கிழமை பேராசிரியரிடம் காட்டுகிறேன், உங்களுக்கு இரண்டு வருடம் உறுதி என்றாள். அங்கேயே உட்கார்ந்து எழுதத் தொடங்கி, எழுத எழுத எனக்குப் படித்துக் காட்டினாள். மந்தியின் விரல்களின் அபாரமான நுணுக்கம் பற்றி ஒரு பத்தி. எந்தக் கொழுந்து பருவத்தில் இருக்கிறது என்று அறியும் அதன் தேர்ந்த ஞானம் பற்றி ஒரு பத்தி. தலைமுறை தலைமுறையாகத் தாய் தன் குட்டிக்கு இதைக் கடத்துகிறது என்று ஒரு பத்தி.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு வேண்டியது கிடைத்தாகிவிட்டது. வால் எனக்கு இரண்டு வருட வேலை வாங்கிக் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த மூன்றாவது பத்தியில் எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. என் அம்மா இருபத்தைந்து வருடமாகப் பறித்த கொழுந்து எந்த எந்தப் பெயர் போட்ட டப்பாவிலோ எந்த ஊருக்கோ போனது, அவளுடைய விரலின் நுணுக்கம் பற்றி ஒருத்தர் ஒரு வரி எழுதியதில்லை. கடைசியில் ஒருத்தி எழுதுகிறாள், அந்தப் பெயரையும் ஒரு குரங்கு வாங்கிக்கொண்டு போவதா? அக்கா டீயைச் சூடுபண்ண உள்ளே போனாள். நான் மனிதர் ஃபோல்டரைத் திறந்தேன். நான் பறிக்கிற படங்கள் மொத்தம் நாற்பத்தொன்று இருந்தன. எல்லாவற்றையும் எடுத்து விலங்கு ஃபோல்டரில் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை அறைக்குப் போனபோது மூன்று பேரும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். திரையில் நான் கையை உயர்த்தியபடி நின்றேன். அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இதெல்லாம் தப்பான ஃபோல்டர்ல இருக்கு," என்றாள்.

"இல்லக்கா. சரியான ஃபோல்டர்தான்."

அவள் ஒவ்வொரு படமாகத் திரும்பத் தள்ளிப் பார்த்தாள். தேதி பார்த்தாள், கன்றின் எண் பார்த்தாள், தன் நோட்டைப் பார்த்தாள். நோட்டை மூடிவிட்டு, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வரவில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்தக் குட்டி? அதுவும் நான்தான் என்றேன். குட்டி விஷயம்தான் அவளுக்கு ரொம்ப வலித்தது என்று நினைக்கிறேன். ஜீப் அண்ணன், அன்றைக்கே டூரிஸ்ட் என்று சொன்னேன், கிட்டத்தட்டச் சரியாகத்தான் இருக்கிறது என்று ஆரம்பித்து, அக்காவின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

கேத்திக்காரன் மட்டும் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அவங்க பறிக்கிறதை நான் மொதல்ல இருந்தே பாத்துட்டுத்தானுங்க இருக்கேன். பொம்பளைங்க எலை பறிக்கிறது இங்க எல்லா மலையிலயும் இருக்கிறதுதானுங்களே, அதுவும் வேலைல ஒண்ணுன்னு நெனச்சேன். அது போக ஒரு மிருகமும் வருதுன்னு நீங்க சொன்னீங்க, சரின்னு விட்டுட்டேன்."

அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். முதல் நாள் புல்வெளியில் மூடியது போல இல்லை. பிறகு போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய்ப் பேராசிரியரிடம் பேசினாள். ஒரு மணி நேரம் ஆனது. நான் என் டிபன் பாக்ஸையும் குடையையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை பெரட்டுக்குப் போவதென்றால் ரப்பர் செருப்பு வாங்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவள் இறங்கி வந்தபோது சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. களைத்துப் போயிருந்தாள். பேராசிரியருக்கு அந்த மட்டமாக நிற்கும் கன்றுகளை விட மனமில்லையாம். அறுபதில் முப்பதை இனிமேல் யாரும் தொடக்கூடாது. மீதி முப்பதை எட்டு நாளைக்கு ஒரு தடவை முறையாகப் பறிக்க வேண்டும், இரண்டு இலையும் குருத்துமாக, ஒரே ஆள், ஒரே கை. இரண்டு வருடம். கை பட்ட காட்டுக்கும் கை படாத காட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கப் போகிறார்களாம். பறித்ததைச் சின்னத் தராசில் நிறுத்து என் பெயருக்கு நேராக எழுத வேண்டுமாம்.

"உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள்.

நீலகிரியிலேயே கொழுந்து பறிக்க வருகிறாயா என்று சம்மதம் கேட்கப்பட்ட முதல் பெண் நானாகத்தான் இருப்பேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேலை போகவில்லை, வேலைதான் என்னைத் திரும்பப் பிடித்துக்கொண்டது. சரிக்கா என்றேன். குரங்கைப் பற்றி எழுதிய அந்த மூன்று பத்தியை அழித்துவிடாதீர்கள், பெயரை மட்டும் மாற்றுங்கள் என்றும் சொன்னேன். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். அடுப்படியில் நின்றுகொண்டே முழுக்கக் கேட்டாள். சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் கீழே உட்கார்ந்து, மறுபடி சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அங்கே பெரட்டு எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எட்டரைக்கு என்றேன். கங்காணி யார் என்றாள். சென்னைக்காரி என்றேன். பிறகு எழுந்து போய், பரண் மேலிருந்து நான் அந்த இரண்டு வருடம் மாட்டிய கொழுந்துப் பையை எடுத்து வந்தாள். துவைத்து மடித்து வைத்திருந்தாள். அதை ஏன் அவள் தூக்கிப் போடவில்லை என்று நான் கேட்கவில்லை.

"ஜாக்கெட்டுத் தொப்பியில போடாத. கொழுந்து வெந்து போவும்," என்றாள்.

மறுநாள் காலை அந்தப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு லயத்து வாசல்களைத் தாண்டி நடந்தேன். தண்ணீர்க் குழாயில் வரிசையாக நின்ற பெண்கள் பையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். கடைசியில் எங்கள் வழிக்கே வந்துவிட்டாயா என்று ஒருத்தி கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் பின்னால் வீட்டுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"அவ காட்டு ஆபீஸுக்குப் போறா."

நான் திருத்தவில்லை.